பி.எஸ்.ஏ. கூடியிருக்கிறது: அடுத்தது பயாப்ஸியா, எம்.ஆர்.ஐ.யா, சிறுநீர் எக்சோசோம் சோதனையா?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வந்து இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம். அது 4-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் யாரும் பதறுவதில்லை. 20-ஐத் தாண்டிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதில் மருத்துவருக்கும் பெரிய தயக்கம் இருக்காது. இடையில் 4 முதல் 10 வரை வந்து நிற்பவர்கள்தான் தவித்துப் போகிறார்கள். இந்த இடைவெளியில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புராஸ்டேட் புற்றுநோய் இருக்கும். அப்படி இருப்பவர்களிலும் பலருக்கு அது ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராத வகையாக இருக்கலாம். ஆனால் சிலருக்கு அது உண்மையிலேயே ஆபத்தானது. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்க எல்லோருக்கும் ஊசியால் திசுத் துணுக்கெடுக்கும் பயாப்ஸி செய்வதா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் இந்தக் கேள்வி இப்போது புது வடிவில் வருகிறது. "அப்பாவுக்கு டாக்டர் எக்சோசோம் டெஸ்ட் எழுதியிருக்கிறார். சிறுநீர் கொடுத்தால் போதுமாம். அப்படியென்றால் பயாப்ஸி வேண்டாமா? எம்.ஆர்.ஐ.யும் வேண்டாமா?" செல்கள் வெளியே விடும் நுண்ணிய பொட்டலங்களான எக்சோசோம்களைப் பற்றிக் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த ஆராய்ச்சியில், நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தவை மிகக் குறைவு. இந்தச் சிறுநீர்ச் சோதனை அவற்றில் ஒன்று. அதனால் அதை மதித்து, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எண்களோடு பார்க்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பி.எஸ்.ஏ.வை மறுபடி எடுங்கள். அது உண்மையாகவே கூடியிருந்தால், நன்றாகப் படிக்கத் தெரிந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுங்கள். எக்சோசோம் சோதனைக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அது குறுகிய இடம். நேரடியாக பயாப்ஸிக்குப் போவதற்கான காரணங்கள் இன்று குறைந்துகொண்டே வருகின்றன. ஏன் இந்த வரிசை என்பதைக் கீழே சொல்கிறேன்.

மறுபடி எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பலர் தவறவிடுவது இதைத்தான். சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் அடைப்பு, அண்மையில் போட்ட கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) இவையெல்லாம் பி.எஸ்.ஏ.வைக் கூட்டிக் காட்டும். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 4-க்கு மேல் காட்டியவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் அடுத்தடுத்த ஆண்டுகளின் சோதனையில் இயல்பான அளவுக்குத் திரும்பியிருந்தார்கள். சில வாரங்கள் கழித்து, முடிந்தால் அதே லேபில், மறுபடி எடுப்பதற்கு ஒரு குழாய் இரத்தம்தான் செலவு. இன்னொன்று: புராஸ்டேட் பெரிதாகியிருக்கிறது என்று டியூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு போன்ற மாத்திரைகளை நீண்ட நாளாகச் சாப்பிடுபவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காட்டும். அவர்களுடைய 3 என்பது 6-க்குச் சமம். மாத்திரைப் பட்டியலைக் கையோடு எடுத்துப் போகாமல் யூராலஜிஸ்டைப் பார்க்காதீர்கள்.

நேரடி பயாப்ஸி

நீண்ட காலம் இதுதான் வழக்கம். ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, ஸ்பிரிங் வைத்த ஊசியால் புராஸ்டேட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து 12 துணுக்குகள் எடுப்பார்கள். அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும். பெரும்பாலான கட்டிகள் தெரியாது. ஆக, ஊசி எங்கே இறங்குகிறது என்பது ஒரு வரைபடத்தின்படிதான்; நோய் இருக்கும் இடத்தின்படி இல்லை.

இதன் விலை எவ்வளவு என்பதை 2017-இல் லான்செட்டில் வந்த பிராமிஸ் ஆய்வு காட்டியது. பிரிட்டனில் 576 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ., வழக்கமான 10-12 துணுக்கு பயாப்ஸி, மயக்க மருந்து கொடுத்து 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சுரப்பி முழுவதும் துணுக்கெடுக்கும் விரிவான பயாப்ஸி, மூன்றும் செய்யப்பட்டன. அந்தக் கடைசிச் சோதனையை அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது, வழக்கமான பயாப்ஸி கவனிக்க வேண்டிய புற்றுநோய்களில் 48 சதவீதத்தைத்தான் பிடித்திருந்தது. பாதிக்கு மேல் தவறிவிட்டது. "பயாப்ஸியில் ஒன்றும் இல்லை" என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நினைத்தால் இந்த எண் எவ்வளவு கனமானது என்று புரியும்.

மறுபக்கம், தேவையில்லாததைக் கண்டுபிடிக்கும் சிக்கல். கிளீசன் 3+3 என்று எழுதப்படும் மென்மையான வகையைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மனிதர் "புற்றுநோயாளி". ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை, தூக்கமில்லாத இரவுகள், "எடுத்துப் போட்டுவிடலாமே" என்று சொல்லும் உறவினர்கள். பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வு 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து நெடுங்காலம் பின்தொடர்ந்தது. 15 ஆண்டு முடிவுகள் 2023-இல் வந்தன. எந்தப் பிரிவில் இருந்தாலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். இந்த நிலையில் அவசரம் யாருக்கும் உதவுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு மாதம் எடுத்துக்கொண்டு நிதானமாக முடிவு செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது.

தொற்றும் உண்டு. ஆசனவாய் வழியாக ஊசி போகும்போது குடலின் கிருமிகளும் கூடவே போகலாம். சிலருக்கு அது இரத்தத்தில் பரவி மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போகிறது. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருப்பதால் பல மையங்கள் இப்போது ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் இடையிலுள்ள தோல் வழியாக ஊசி போடும் முறைக்கு மாறிவிட்டன. பயாப்ஸி செய்தே ஆக வேண்டும் என்றால், எந்த வழியாகச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ.

அதே பிராமிஸ் ஆய்வில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைப் பிடித்தது. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாதவர்களில் 89 சதவீதத்தினருக்கு உண்மையிலேயே கவனிக்கத்தக்க நோய் இல்லை. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானவர்கள், 27 சதவீதத்தினர், ஊசியையே தவிர்த்திருக்கலாம்.

அடுத்த ஆண்டே பிரிசிஷன் ஆய்வு வந்தது. 500 ஆண்கள். ஒரு பாதிக்கு நேரடி பயாப்ஸி. மறுபாதிக்கு முதலில் எம்.ஆர்.ஐ., சந்தேகமான இடம் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறிவைத்து ஊசி. எம்.ஆர்.ஐ. பிரிவில் 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் கவனிக்க வேண்டிய புற்றுநோய் 38 சதவீதத்தினரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. நேரடி பயாப்ஸிப் பிரிவில் 26 சதவீதம்தான். மென்மையான வகையைத் தேவையில்லாமல் கண்டுபிடித்தது 9 சதவீதம், மறுபக்கம் 22. குறைவான ஊசி, கூடுதலான பயன். மருத்துவத்தில் இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து நல்லதாக அமைவது அரிது.

குறை எங்கே என்றால் படிப்பவரிடம். பை-ராட்ஸ் என்ற 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணை ரேடியாலஜிஸ்ட் கொடுக்கிறார். 1, 2 என்றால் நிம்மதி. 4, 5 என்றால் ஊசி. 3 என்றால் பழையபடி நடுவில் மாட்டிக்கொள்கிறோம். புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யைத் தினமும் படிப்பவர் 2 என்று சொல்வதும், எப்போதாவது படிப்பவர் சொல்வதும் ஒரே 2 ஆகிவிடாது. பழைய பேஸ்மேக்கர், மூடிய இடத்தைக் கண்டால் வரும் பயம், இடுப்பில் பொருத்திய உலோக மூட்டு இவற்றால் சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது, அல்லது படம் கலங்கிவிடும். செலவைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி: கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கும் குறுகிய எம்.ஆர்.ஐ., முழு எம்.ஆர்.ஐ.க்குக் குறைந்ததில்லை என்று 2025-இல் வந்த பிரைம் ஆய்வு காட்டியது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் புராஸ்டேட்டின் கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள். பி.எஸ்.ஏ.வை அந்தக் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது பி.எஸ்.ஏ. அடர்த்தி. ஒருவருக்கு 5.4, சுரப்பி 60 மி.லி.; அடர்த்தி 0.09. இன்னொருவருக்கு 5.8, சுரப்பி 28 மி.லி.; அடர்த்தி 0.21. இரத்த ரிப்போர்ட்டில் இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்கு சுரப்பி பெரிதாக இருப்பதே அந்த எண்ணுக்குப் போதுமான விளக்கம். இரண்டாமவருக்கு அப்படி இல்லை. 0.15 என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லை.

சிறுநீர் எக்சோசோம் சோதனை

செல்கள் தம் உள்ளடக்கத்தில் கொஞ்சத்தைக் கொழுப்புச் சவ்வால் மூடிச் சிறு பொட்டலங்களாக வெளியே விடுகின்றன. 30 முதல் 150 நானோமீட்டர் வரை அளவுள்ள இவைதான் எக்சோசோம்கள். 1983-இல் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழு, முதிர்ந்துவரும் செம்மறியாட்டு இரத்தச் சிவப்பணுக்களில் இதைக் கண்டபோது, செல் தனக்கு வேண்டாததை வெளியே தள்ளும் வழி என்றே கருதப்பட்டது. அந்தப் பார்வையை மாற்றியது 2007-இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கிலிருந்து வந்த ஆய்வு. இந்தப் பொட்டலங்களுக்குள் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குப் போய் வேலை செய்கிறது என்று அது காட்டியது. அடுத்த ஆண்டு பாஸ்டனில் யோஹன் ஸ்கோக்கும் உடன் பணியாற்றியவர்களும், மூளைப் புற்றுநோய் உள்ள 25 பேரின் இரத்தத்தைச் சோதித்து, அதில் 7 பேரிடம் கட்டிக்கே உரிய மாறுபட்ட ஆர்.என்.ஏ.வை இந்தப் பொட்டலங்களில் கண்டார்கள். மண்டையோட்டைத் திறக்காமலே கட்டியின் கையெழுத்தைப் படிக்க முடிந்தது. இந்தத் துறையின் மீது எனக்கிருக்கும் பற்றுக்கு அந்த ஒரு ஆய்வே போதும்.

புராஸ்டேட்டுக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், அந்தச் சுரப்பியின் குழாய்கள் நேராகச் சிறுநீர்ப் பாதையில் திறக்கின்றன. சுரப்பிச் செல்கள் விடும் எக்சோசோம்கள் அங்கேயே வந்து விழுகின்றன. வெளியே கிடக்கும் ஆர்.என்.ஏ. நொடியில் சிதைந்துபோகும், சவ்வுக்குள் இருப்பது பிழைத்துக்கொள்கிறது. எக்சோடிஎக்ஸ் புராஸ்டேட் என்ற சோதனை அதில் மூன்றைத்தான் அளக்கிறது. ஒன்று பி.சி.ஏ.3, புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் மிகுதியாக உற்பத்தியாகும் ஆர்.என்.ஏ. இரண்டாவது இ.ஆர்.ஜி.; 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு, ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட ஒரு மரபணுவின் விசை இந்த இ.ஆர்.ஜி.யோடு ஒட்டிக்கொள்வதால் அது கட்டுமீறிப் பெருகுகிறது என்று கண்டது. மூன்றாவது எஸ்.பி.டி.இ.எஃப்.; மாதிரியில் புராஸ்டேட்டிலிருந்து வந்த சரக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள உதவும் ஒப்பீட்டு அளவு. மூன்றையும் சேர்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். 15.6 எல்லை. அதற்குக் கீழே என்றால் ஆபத்தான வகை இருக்கும் வாய்ப்பு குறைவு.

கொடுக்கும் முறையில் ஒரு சிறு விவரம் முக்கியம். தொற்றுக்காகச் சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். இங்கே நேர்மாறு: முதலில் வருவதுதான் வேண்டும். சிறுநீர்ப் பாதையில் தங்கியிருக்கும் புராஸ்டேட் சரக்கை அதுதான் அடித்துக்கொண்டு வருகிறது. பழக்கத்தில் நடுவில் பிடித்துவிட்டால் சோதனையின் அடிப்படையே போய்விடும். பி.சி.ஏ.3-ஐ மட்டும் அளக்கும் பழைய சோதனை, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மாதிரி எடுக்கும் முன் மருத்துவர் விரலால் புராஸ்டேட்டை அழுத்தி விட வேண்டும் என்று கேட்டது. எக்சோசோம் முறைக்கு அது வேண்டாம். வீட்டிலேயே பிடித்து அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. கூச்சத்தால் மருத்துவரிடமே போகாமல் தள்ளிப்போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி எண்கள். 2016-இல் ஜாமா ஆன்காலஜியில் 519 பேரை வைத்து, சோதனை சொல்வது சரியா என்று பார்த்த முதல் சான்றாய்வு. 2018-இல் ஐரோப்பிய யூராலஜி இதழில் 503 பேரை வைத்து இரண்டாவது. இரண்டாவதை 100 பேருக்குச் சுருக்கிப் பார்ப்போம். எல்லோரும் 50 வயதுக்கு மேல், பி.எஸ்.ஏ. 2 முதல் 10, முதல் பயாப்ஸிக்கு வந்தவர்கள். அந்த 100 பேரில் ஏறத்தாழ 30 பேருக்குக் கவனிக்க வேண்டிய புற்றுநோய் இருந்தது. சோதனை 20 பேருக்கு "குறைவு" என்றது. அதில் 2 பேருக்கு உண்மையில் நோய் இருந்தது. 80 பேருக்கு "கூடுதல்" என்றது. அதில் 28 பேருக்கு நோய், 52 பேருக்கு இல்லை.

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். சோதனைக்கு முன் ஒருவரின் ஆபத்து 30 சதவீதம். மதிப்பெண் குறைவாக வந்தால் அது 10 சதவீதமாக இறங்குகிறது. கூடுதலாக வந்தால் 35-க்கு ஏறுகிறது. அதாவது குறைந்த மதிப்பெண் மட்டுமே உண்மையில் ஏதோ சொல்கிறது. கூடுதல் மதிப்பெண் நீங்கள் ஏற்கெனவே அறிந்ததைத் தாண்டி அதிகம் சொல்லவில்லை. 40 என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வீடே இடிந்துபோய் உட்காருகிறது. எல்லைக்கு மேல் வருபவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஆபத்தான நோய் இல்லை என்பதை யாராவது அவர்களுக்கு உடனே சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யை இதே கண்ணால் பார்த்தால் வியப்பாக இருக்கும். பிராமிஸில் தொடக்க ஆபத்து 40 சதவீதம். எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால் 11-க்கு இறங்குகிறது. சந்தேகம் தெரிந்தால் 51-க்கு ஏறுகிறது. தவறவிடுவதும் இரண்டிலும் ஏறத்தாழ 7 சதவீதம். அப்படியென்றால் இரண்டும் சமம்தானே, மலிவானதை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். சமம் இல்லை. எக்சோசோம் ஆய்வுகளில் உண்மையைச் சொல்லும் அளவுகோலாக வைக்கப்பட்டது வழக்கமான பயாப்ஸி. பாதி நோயைத் தவறவிடும் என்று மேலே பார்த்த அதே வகை. பிராமிஸில் அளவுகோல் 5 மில்லிமீட்டருக்கு ஒரு துணுக்கு. ஆக, எக்சோசோம் சோதனை "குறைவு" என்று சொன்ன 20 பேரில் 2 பேர்தான் நோயுள்ளவர்கள் என்பது, வழக்கமான பயாப்ஸி கண்டுபிடித்த அளவில் மட்டுமே. "கூடுதல்" என்று வந்தும் நோய் இல்லை என்று எண்ணப்பட்ட 52 பேரில் சிலருக்கும் உண்மையில் நோய் இருந்து ஊசிக்குத் தப்பியிருக்கலாம். இரண்டு பக்கமும் மங்கல் இருக்கிறது. இதற்கு மேல், எம்.ஆர்.ஐ. நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. ஊசியை அங்கே கொண்டுபோகலாம். சிறுநீருக்கு அந்தத் திறன் கிடையாது.

இந்த ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர்களில் சோதனையைத் தயாரித்த நிறுவனத்தின் ஆட்களும் இருக்கிறார்கள். மருத்துவச் சோதனைகளில் இது வழக்கம்தான். ஆனாலும் மனதில் வைத்திருக்க வேண்டும். 2019-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்குத் தந்தது "பிரேக்த்ரூ" தகுதி. அது விரைவாகப் பரிசீலிக்கும் வழிதான், அனுமதி வேறு. அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். தன் வழிகாட்டியில் இதைக் கருதத்தக்க சோதனைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. சான்றாய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அடுத்தபடியாக ஆப்பிரிக்க அமெரிக்கர். தெற்காசியர்களுக்கென்று தனியாக முடிவு சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை அதில் இல்லை. மூன்று ஆர்.என்.ஏ.க்களில் ஒன்றான இ.ஆர்.ஜி. மிகுவதற்குக் காரணமான மரபணு ஒட்டு, ஐரோப்பிய வழியினரின் புராஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் காணப்படுகிறது. கிழக்காசியரிடமும் ஆப்பிரிக்க அமெரிக்கரிடமும் அது குறைவு. இனத்துக்கு இனம் மாறும் ஒரு குறியை வைத்துச் செய்யும் சோதனையில், 15.6 என்ற எல்லைக்கோடு எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 8 வந்தால் நிம்மதி கொள்ளலாம், 14.9 வந்தால் அதை எல்லையில் நிற்கும் எண்ணாகவே பார்ப்பேன்.

ஒரு பழைய, மலிவான போட்டியாளரையும் சொல்லாமல் விட முடியாது. ஃப்ரீ பி.எஸ்.ஏ. இரத்தத்தில் புரதங்களோடு ஒட்டாமல் தனியாக ஓடும் பி.எஸ்.ஏ. எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. 1998-இல் கடலோனாவின் குழு, பி.எஸ்.ஏ. 4 முதல் 10 வரை இருந்த 773 பேரிடம் பார்த்தது. ஃப்ரீ பி.எஸ்.ஏ. 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் 56 சதவீதத்தினருக்குப் புற்றுநோய்; 25-க்கு மேல் இருந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கு மட்டும். 25-ஐ எல்லையாக வைத்தால் 95 சதவீதப் புற்றுநோய்களைப் பிடித்துக்கொண்டே, தேவையில்லாத பயாப்ஸிகளில் 20 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எக்சோசோம் சோதனை சொல்லும் சேமிப்பும் ஏறத்தாழ இதே அளவுதான்! ஃப்ரீ பி.எஸ்.ஏ. ஆய்வு எல்லா வகைப் புற்றுநோயையும் எண்ணியது, எக்சோசோம் சோதனை ஆபத்தான வகையை மட்டும் குறிவைக்கிறது. ஆகவே நேர் ஒப்பீடு சரியாகாது. இருந்தும், புதியது என்பதற்காகவே பல மடங்கு பணம் கட்டும் முன், சாதாரண லேபிலேயே செய்யக்கூடிய இதை எடுத்தீர்களா என்று கேட்பது நியாயம்.

யாருக்கு எது

விரல் பரிசோதனையில் கட்டி தட்டுப்பட்டாலோ, எம்.ஆர்.ஐ.யில் பை-ராட்ஸ் 4, 5 வந்தாலோ பயாப்ஸிதான். அந்த நேரத்தில் எக்சோசோம் சோதனை செய்வது வீண். குறைவாக வந்தாலும் நீங்கள் ஊசியைத் தவிர்க்கக் கூடாது. கூடுதலாக வந்தாலும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. ஒரு சோதனையின் முடிவு எப்படி வந்தாலும் அடுத்த வேலை மாறாது என்றால் அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. சுத்தம், அடர்த்தி 0.10-க்குக் கீழே, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ பி.எஸ்.ஏ.வைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இங்கேயும் எக்சோசோம் தேவையில்லை.

அதன் இடம் நடுவில். பை-ராட்ஸ் 3 வந்து, அடர்த்தி 0.15-ஐ ஒட்டி நிற்கிறது. மருத்துவரே "செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்" என்கிறார். அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாத உடல்நிலை. அல்லது இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், முன்பு பயாப்ஸியில் தொற்று வந்து அவதிப்பட்டவர் என்று ஊசியின் விலை கூடுதலாக இருக்கும் ஒருவர். இவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் ஒன்று வந்தால் ஊசியைத் தள்ளிப்போட நல்ல காரணம் கிடைக்கிறது. எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்துப் பார்ப்பது அந்த இரண்டு சான்றாய்வுகளின் பகுதியாக இல்லை என்பதால் இது என் கணிப்பு. இந்தச் சூழலில் மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். டியூட்டாஸ்டெரைடு போல பி.எஸ்.ஏ.வை மாற்றும் மருந்துகளை அண்மையில் எடுத்தவர்கள் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அவர்கள் இந்த மதிப்பெண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இளவயதில் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால், அல்லது குடும்பத்தில் மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக் கோளாறு ஓடினால், எந்தச் சோதனையின் "குறைவு" என்ற சொல்லையும் முழுதாக ஏற்காதீர்கள். அத்தை, பெரியம்மா பக்கத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டு யூராலஜிஸ்டிடம் சொல்லுங்கள். புராஸ்டேட்டைப் பற்றிப் பேசும்போது பெண்களின் நோய் வரலாறு நினைவுக்கு வருவதில்லை, ஆனால் பி.ஆர்.சி.ஏ.2 அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வரும்.

எக்சோசோம் என்ற சொல்லை இணையத்தில் தேடினால் இன்னொரு உலகம் திறக்கும்: புற்றுநோயைக் குணமாக்கும் எக்சோசோம் ஊசி, இரத்தத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் எக்சோசோம் டிரிப். அதையும் இந்தச் சோதனையையும் தயவுசெய்து ஒன்றாக நினைக்காதீர்கள். எக்சோசோமை மருந்தாக்கும் ஆராய்ச்சி உண்மையானது, மதிக்கத்தக்கது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரகு கல்லூரி (Raghu Kalluri) என்ற ஆய்வாளரின் குழு கணையப் புற்றுநோயின் கே.ஆர்.ஏ.எஸ். மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.வை எக்சோசோமில் ஏற்றி எலிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டு 2017-இல் வெளியிட்டது. பிறகு மனிதர்களிடம் தொடக்கநிலை ஆய்வுக்கும் போனது. பிரான்சில் நோய் எதிர்ப்புச் செல்களின் எக்சோசோமை நுரையீரல் புற்றுநோயாளிகள் 22 பேருக்குக் கொடுத்த இரண்டாம் கட்ட ஆய்வு, 2016-இல், எதிர்பார்த்த இலக்கைத் தொடவில்லை. இந்தத் துறையின் முன்னணி நிறுவனமான கோடியாக் 2023-இல் திவாலானது. அமெரிக்காவில் எக்சோசோம் மருந்து எதற்கும் அனுமதி இல்லை என்று எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் எச்சரித்தது. நெப்ராஸ்காவில் அப்படிப்பட்ட பொருள்களால் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதன் பின் வந்த எச்சரிக்கை அது.

எனக்கு இதில் அச்சம் தருவது வேறொன்று. புற்றுநோய்ச் செல்களே எக்சோசோமைத் தம் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. நியூயார்க்கில் டேவிட் லைடனின் குழு 2015-இல் காட்டியது: கட்டி விடும் எக்சோசோமின் மேற்பரப்பில் இருக்கும் இன்டெக்ரின் புரதத்தைப் பொறுத்து அவை நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய் ஒட்டி, பின்னால் வரும் புற்றுநோய்ச் செல்களுக்கு அங்கே இடம் தயார் செய்கின்றன. பென்சில்வேனியாவில் 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு, கட்டியின் எக்சோசோம்கள் பி.டி.-எல்1 புரதத்தைச் சுமந்துபோய் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூரத்திலிருந்தே அடக்குகின்றன என்று காட்டியது. இவ்வளவு வேலை செய்யும் ஒரு பொருளை, எந்தச் செல்லிலிருந்து வந்தது என்றுகூடத் தெரியாமல், புற்றுநோய் உள்ள ஒருவரின் இரத்தத்தில் ஏற்ற யாரும் சம்மதிக்கக் கூடாது. பதிவு பெற்ற மருத்துவ ஆய்வில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பணம் வாங்காமல் கொடுக்கிறார்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

யூராலஜிஸ்டைப் பார்க்கப் போகும்போது இரண்டு பி.எஸ்.ஏ. அளவுகள் தேதியோடு, ஃப்ரீ பி.எஸ்.ஏ. சதவீதம், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் உள்ள கொள்ளளவு, மாத்திரைப் பட்டியல், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் என்ற விவரம் இவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எக்சோசோம் சோதனையை அவர் பரிந்துரைத்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "குறைவாக வந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவீர்களா?" ஆம் என்றால் செய்யலாம். "எப்படி இருந்தாலும் பயாப்ஸி செய்வோம்" என்றால் வேண்டாம். அப்பாவுக்கு 78 வயது, இதய நோயும் இருக்கிறது, சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு இல்லை என்றால், இந்த மூன்றில் எதுவுமே தேவைதானா என்பதையும் அதே மேசையில் பேசிவிடுங்கள்.